பிரெஞ்சுப் பெயரடைகள்: காதால் பிடித்து எழுத்துக்குப் போகும் வழி

'போன்ஜூர்' சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு பிரெஞ்சுப் பெயரடை ஏற்கெனவே தெரியும். 'பொங்' என்றால் நல்ல, 'ஜூர்' என்றால் நாள். மாலையில் சொல்லும் 'பொங் ஸுவார்' என்பதிலும் அதே பொங்தான். ஆனால் படுக்கப் போகும்போது சொல்வது 'பொன் நுயி'. நாளும் மாலையும் பிரெஞ்சில் ஆண்பால், இரவு பெண்பால். அதனால்தான் பொங் அங்கே பொன் ஆகிறது. ஒருவரிடம் விடைபெறும்போது சொல்லும் 'பொன் ஜூர்னே'யில் வருவதும் பெண்பால் வடிவம்தான், ஏனென்றால் ஜூர்னே பெண்பால் சொல்.

பிரெஞ்சுப் பெயரடைகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் எழுத்திலிருந்து தொடங்கும்: ஆண்பால் வடிவத்தை எழுது, பெண்பாலுக்குக் கடைசியில் 'ஈ' சேர், பன்மைக்கு 'எஸ்' சேர். தேர்வுத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும், பேசும்போது கைகொடுக்காது. சேர்த்த எஸ் எப்போதாவதுதான் ஒலிக்கும், சேர்த்த ஈ தனியாக ஒலிப்பதே இல்லை. காதில் விழுவது வேறு ஒன்று. ஆகவே இந்த வழிகாட்டி காதிலிருந்து தொடங்கி எழுத்துக்குப் போகிறது.

ஒலிகளை எழுதியிருக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சின் மூக்கொலியைச் சொல்லின் கடைசியில் 'ங்' என்று எழுதியிருக்கிறேன். அதை 'அங்கே' என்பதில் வருவது போல அழுத்தாமல், மூக்கில் காற்றை விட்டு அப்படியே நிறுத்துங்கள். 'எ' வரும் சில இடங்களில் உதட்டைக் குவிக்க வேண்டியிருக்கும். தமிழ் எழுத்தில் வன்மை மென்மை வேறுபாடு தெரியாது, அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரு முறையாவது பிரெஞ்சுக்காரர் குரலில் கேட்டுவிடுங்கள். இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாலே கேட்கலாம்.

படி 1: பெயர்ச்சொல்லைப் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்

தமிழில் மேசை, பேனா, பள்ளிக்கூடம் எல்லாம் அஃறிணை. பிரெஞ்சில் திணை கிடையாது, பால் மட்டும்தான். எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசை (தாப்ல) பெண்பால், பேனா (ஸ்தீலோ) ஆண்பால், வீடு (மேஸொங்) பெண்பால், புத்தகம் (லீவ்ர) ஆண்பால், கார் (வுவாத்யூர்) பெண்பால். இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பலர் 'லெ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்ற, ஆங்கில 'தி' போன்ற சுட்டுருபோடு சொற்களைப் படிக்கிறார்கள். என் பரிந்துரை 'அங்', 'யூன்' (ஒரு). பள்ளிக்கூடம் என்ற சொல் 'எக்கோல்'. அது உயிரொலியில் தொடங்குவதால் 'லா' சுருங்கி 'லெக்கோல்' ஆகிவிடும், பால் மறைந்துபோகும். 'யூன் எக்கோல்' என்று படித்தால் பெண்பால் என்பது சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும்.

சில விகுதிகள் உதவும். 'ஸியொங்' என முடியும் சொற்கள் (நாஸியொங், ஸ்தாஸியொங்) பெண்பால். 'எத்' என முடிபவை பெரும்பாலும் பெண்பால். 'ஆஜ்' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால் (வுவாயாஜ், கராஜ், ஃப்ரொமாஜ்), ஆனால் கடற்கரை (பிளாஜ்), படம் (இமாஜ்), பக்கம் (பாஜ்) மூன்றும் பெண்பால். விதியோடு விலக்கையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

படி 2: பெண்பால் வடிவத்தை முதலில் படியுங்கள்

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் படி இது. 'சிறிய' என்பதற்கு ஆண்பால் 'பெத்தி', பெண்பால் 'பெத்தித்'. 'பெத்தி' மட்டும் தெரிந்தால், பெண்பாலில் கடைசியில் என்ன மெய்யொலி வரும் என்று உங்களால் ஊகிக்க முடியாது. 'பெத்தித்' தெரிந்தால் போதும், கடைசி மெய்யை விட்டுவிட்டால் ஆண்பால் வந்துவிடும். இன்னும் சிலவற்றைப் பெண்பாலிலிருந்து சொல்லிப் பாருங்கள்.

கிராந்த் → கிராங் (பெரிய, உயரமான)
வேர்த் → வேர் (பச்சை)
ஷோத் → ஷோ (சூடான)
ஃப்ருவாத் → ஃப்ருவா (குளிர்ந்த)
க்ரோஸ் → க்ரோ (பருமனான)
ஃபிரான்ஸேஸ் → ஃபிரான்ஸே (பிரெஞ்சு)
பிளான்ஷ் → பிளாங் (வெள்ளை)

போகும் மெய் 'ன்' ஆக இருந்தால் அதற்கு முன்னால் உள்ள உயிரொலி மூக்கொலியாகிவிடும். பொன் → பொங், ஏந்தியென் → ஏந்தியேங் (இந்திய). எழுத்தில் மெய் எங்கும் போவதில்லை, ஆண்பாலில் அது ஒலிக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். பெண்பாலில் சேரும் 'ஈ' அந்த மெய்யை வெளியே கொண்டுவருகிறது. இது பிடிபட்டால் எழுத்து விதி தானாகப் புரியும்.

புதுச்சேரிக்குப் போனவர்கள் 'வீல் பிளான்ஷ்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். கடற்கரையை ஒட்டிய, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரம் அது. 'வீல்' (நகரம்) பெண்பால், அதனால் பிளான்ஷ். ஆல்ப்ஸ் மலையின் உச்சி 'மொங் பிளாங்'. மலை ஆண்பால், அதனால் பிளாங். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் வெள்ளை என்ற சொல் இனி மறக்காது.

மெய் போகாமல் மாறும் வகையும் உண்டு. பெண்பாலில் 'வ்' ஆக இருப்பது ஆண்பாலில் 'ஃப்' ஆகும்: ஸ்போர்த்தீவ், ஸ்போர்த்தீஃப் (விளையாட்டில் ஆர்வமுள்ள), நெவ், நெஃப் (புத்தம் புதிய). பாரிஸில் சேன் நதியின் மேல் இருக்கும் 'பொங் நெஃப்' என்றால் புதுப் பாலம். 1578-ல் கட்டத் தொடங்கி 1607-ல் முடித்த அதுதான் இன்று அந்நகரில் நிற்கும் பாலங்களிலேயே பழையது. கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள தீவுக்குப் பிரெஞ்சில் பெயர் 'தேர் நெவ்', புது நிலம். பாலம் ஆண்பால், நிலம் பெண்பால்.

அடிக்கடி வரும் மூன்று பெயரடைகளுக்குக் கூடுதலாக ஒரு வடிவம் இருக்கிறது. ஆண்பால் சொல் உயிரொலியில் தொடங்கினால் அது வரும்.

அழகான: போ (ஆண்), பெல் (பெண்), உயிரொலிக்கு முன் ஆண்பாலிலும் பெல்
புதிய: நூவோ, நூவெல், உயிரொலிக்கு முன் நூவெல்
பழைய, வயதான: வியெ, வியெய், உயிரொலிக்கு முன் வியெய்

'அங் போ கார்ஸொங்' (அழகான பையன்), ஆனால் 'அங் பெல் ஓம்' (அழகான மனிதர்). காதுக்கு அந்த பெல்லும் பெண்பால் பெல்லும் ஒன்றுதான், எழுத்தில்தான் வேறு. ஆக மூன்றாவது வடிவத்தை எழுதத் தெரிந்தால் போதும், சொல்லத் தனியாகக் கற்க வேண்டியதில்லை.

ஒலியே மாறாத பெயரடைகளும் நிறைய உண்டு. ரூஜ் (சிவப்பு), ஜென் (இளைய), ஃபாஸீல் (எளிதான) ஆகியவை எழுத்திலும் இரு பாலுக்கும் ஒன்றே. நுவார் (கறுப்பு), ப்ளெ (நீலம்), ஜோலி (அழகிய) எழுத்தில் மட்டும் ஈ பெறும். மரொங் (பழுப்பு), ஒராஞ்ஜ் (ஆரஞ்சு) எதற்கும் மாறாது, பன்மைக்கு எஸ் கூடச் சேராது. அவை அடிப்படையில் ஒரு கொட்டையின் பெயரும் ஒரு பழத்தின் பெயரும்.

படி 3: வினைக்குப் பின்னாலும் பால் பொருந்த வேண்டும்

தமிழில் 'நல்ல பையன்', 'நல்ல பெண்' என்னும்போது 'நல்ல' மாறாது. ஆனால் 'பையன் நல்லவன்', 'பெண் நல்லவள்' என்று பயனிலையில் வந்தால் மாறும். பிரெஞ்சில் இரண்டு இடத்திலும் மாறும். 'யூன் கிராந்த் மேஸொங்' (பெரிய வீடு), 'லா மேஸொங் ஏ கிராந்த்' (வீடு பெரியது). தமிழர்கள் முதல் வகையில்தான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அங்கே நம் மொழி எதையும் கேட்பதில்லை. பயிற்சியை அங்கேயே கூடுதலாக வையுங்கள்.

பன்மைக்கு எஸ். ஏற்கெனவே எஸ் அல்லது எக்ஸில் முடியும் ஆண்பால் சொற்கள் அப்படியே நிற்கும். 'போ', 'நூவோ' எக்ஸ் பெறும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மை.

படி 4: எங்கே வைப்பது

பெரும்பாலான பெயரடைகள் பெயருக்குப் பின்னால் வரும். நிறம், நாடு, வடிவம் எல்லாம் பின்னால்தான்: யூன் ஷெமீஸ் பிளான்ஷ் (வெள்ளைச் சட்டை), அங் ஃபில்ம் ஏந்தியேங் (இந்தியப் படம்). தமிழில் எப்போதும் முன்னால் வைத்துப் பழகிய நாக்கு 'பிளான்ஷ் ஷெமீஸ்' என்றே தொடங்கும். பெயர்ச்சொல்லைச் சொல்லி முடித்த பிறகே நிறத்தை நினைக்கப் பழகுங்கள்.

முன்னால் வருபவை கொஞ்சம்தான், ஆனால் அன்றாடம் தேவைப்படுபவை. போ, ஜோலி, ஜென், வியெ, நூவோ, பொங், மோவே (மோசமான), கிராங், பெத்தி, க்ரோ. அழகு, வயது, நன்மை தீமை, அளவு என்று நான்கு தலைப்பில் நினைவில் வைக்கலாம். முன்னும் பின்னும் சேர்ந்து வந்தால் 'யூன் பெத்தித் வுவாத்யூர் ரூஜ்', சின்னச் சிவப்புக் கார்.

'அங்', 'யூன்' என்பவற்றின் பன்மை 'தே'. பன்மையில் பெயரடை முன்னால் வந்தால் இந்தத் 'தே' 'தெ' ஆகச் சுருங்கும். 'தே மேஸொங்' (வீடுகள்), ஆனால் 'தெ பெல் மேஸொங்' (அழகான வீடுகள்). பேச்சில் பிரெஞ்சுக்காரர்களே பல நேரம் 'தே' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் 'தெ' என்று எழுதுங்கள்.

இடம் மாறினால் பொருள் மாறும் சொற்களும் உண்டு. 'ஷேர்' முன்னால் வந்தால் அன்புள்ள, பின்னால் வந்தால் விலை அதிகமான. 'ப்ரோப்ர' முன்னால் வந்தால் சொந்த, பின்னால் வந்தால் சுத்தமான. 'மா ப்ரோப்ர ஷாம்ப்ர' என்றால் எனக்கே எனக்கான அறை, 'மா ஷாம்ப்ர ப்ரோப்ர' என்றால் சுத்தமான என் அறை. தொடக்கத்தில் இந்த இரண்டு சொற்கள் போதும்.

படி 5: என், உன், அவர்: உடைமைப் பெயரடை

இதிலும் சில சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. 'மதாம்' என்பது 'மா' (என்) + 'தாம்' (சீமாட்டி). 'மெஸ்யெ'வின் எழுத்தில் முதலில் இருப்பது 'மொங்', அதே 'என்' தான், ஆண்பாலில். கூட்டத்தைப் பார்த்து 'மேதாம், மேஸ்யெ' என்கிறார்களே, அந்த 'மே' பன்மை. பாரிஸின் 'நோத்ர தாம்' பேராலயத்தின் பெயருக்குப் பொருள் நம் அன்னை, 'நோத்ர' என்றால் நம். பட்டியல் இது (ஆண்பால் ஒருமை, பெண்பால் ஒருமை, பன்மை என்ற வரிசையில்):

என்: மொங், மா, மே
உன்: தொங், தா, தே
அவன், அவள், அதன்: ஸொங், ஸா, ஸே
எங்கள், நம்: நோத்ர, நோத்ர, நோ
உங்கள்: வோத்ர, வோத்ர, வோ
அவர்களுடைய: லெர், லெர், லெர் (பன்மையில் எழுத்தில் மட்டும் எஸ்)

உன், உங்கள் வேறுபாட்டை நமக்குச் சொல்லித்தர வேண்டாம். நண்பரிடம் 'தொங்', பெரியவரிடமும் புதியவரிடமும் 'வோத்ர'. நாங்கள், நாம் என்ற பிரிவு பிரெஞ்சில் இல்லை, இரண்டுக்கும் நோத்ரதான்.

மூன்றாம் வரியில் நிறுத்திப் படியுங்கள். தமிழில் 'அவன் கார்', 'அவள் கார்' என்னும்போது காருக்குச் சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். பிரெஞ்சில் தெரியாது. 'ஸா வுவாத்யூர்' என்றால் அவன் காராகவும் இருக்கலாம், அவள் காராகவும் இருக்கலாம். 'ஸா' வந்தது கார் பெண்பால் என்பதால். அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது 'ஸொங் பேர்', அவன் அம்மாவைச் சொல்லும்போது 'ஸா மேர்'. உடைமையாளரை மறந்துவிட்டு உடைமையைப் பாருங்கள். யாருடையது என்று தெளிவாக்க வேண்டியிருந்தால் பின்னால் 'ஆ எல்' (அவளுடைய), 'ஆ லுயி' (அவனுடைய) சேர்க்கலாம்: 'ஸா வுவாத்யூர் ஆ எல்'.

அடுத்தது உயிரொலி விதி. மா, தா, ஸா மூன்றும் உயிரொலிக்கு முன்னால் நிற்காது. பெண்பாலாக இருந்தாலும் மொங், தொங், ஸொங் வந்துவிடும். தோழி பெண்பால்தான், ஆனால் 'மா அமி' கிடையாது, 'மொங் அமி', சேர்த்துச் சொன்னால் 'மொனமி'. 'மொங் எக்கோல்', 'தொங் அத்ரெஸ்' எல்லாம் இப்படித்தான். பழைய பிரெஞ்சில் 'மா'வைச் சுருக்கி 'மாமி' என்றார்கள், பிறகுதான் மொங் அந்த இடத்தைப் பிடித்தது.

இந்த விதி பார்ப்பது பெயர்ச்சொல்லை அல்ல, அடுத்து வரும் ஒலியை. 'தொங் அத்ரெஸ்' (உன் முகவரி), நடுவில் 'நூவெல்' வந்தால் 'தா நூவெல் அத்ரெஸ்' (உன் புது முகவரி). நூவெல் மெய்யில் தொடங்குவதால் தா திரும்பி வந்துவிட்டது. தலைகீழாகவும் நடக்கும்: 'மா மேஸொங்' (என் வீடு), ஆனால் 'மொன் ஆன்ஸியென் மேஸொங்' (நான் முன்பு இருந்த வீடு). இதில் ஆன்ஸியென் பெண்பால் வடிவிலேயே இருப்பதைக் கவனியுங்கள். 'மொங்' வந்துவிட்டதே என்று பெயரடையையும் ஆண்பாலுக்கு மாற்றுவதுதான் பலர் செய்யும் பிழை.

உடைமைப் பெயரடையோடு லெ, லா எதுவும் வராது. உடல் உறுப்புகளுக்குப் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு லெ, லா, லே (பன்மை) என்பார்கள்: 'ஜெ மெ லாவ் லே மேங்', நான் கை கழுவுகிறேன். 'என் கை' என்று சொல்லத் தேவையில்லை.

பிரெஞ்சு கற்பவர்களுக்கான தொடக்கநிலைத் தேர்வான தெல்ஃப் ஏ1-இன் பேச்சுப் பகுதி உங்களைப் பற்றியும் உங்கள் குடும்பத்தைப் பற்றியும் கேட்பதில் தொடங்கும். எனவே இந்த அட்டவணையைத் தனிச் சொற்களாக ஒப்பிக்காமல் ஆட்களோடு சேர்த்துச் சொல்லுங்கள்: மொங் பேர் (அப்பா), மா மேர் (அம்மா), மொங் ஃப்ரேர் (சகோதரன்), மா ஸெர் (சகோதரி), மே பராங் (பெற்றோர்). பிறகு தெரிந்த பெயரடையை ஒட்டவையுங்கள்: மொங் பேர் ஏ கிராங், மா ஸெர் ஏ கிராந்த்.

படி 6: இந்த, அந்த: சுட்டுப் பெயரடை

நான்கு சொற்கள்தான். ஆண்பால் 'ஸெ', உயிரொலிக்கு முன் ஆண்பால் 'ஸெத்', பெண்பால் 'ஸெத்', பன்மை 'ஸே'. ஸெ லீவ்ர (இந்தப் புத்தகம்), ஸெத் ஓத்தெல் (இந்த ஓட்டல்), ஸெத் வீல் (இந்த நகரம்), ஸே ஆன்ஃபாங் (இந்தக் குழந்தைகள், சேர்த்துச் சொல்லும்போது 'ஸேஸான்ஃபாங்'). இரண்டு ஸெத்தும் எழுத்தில் வேறு, காதுக்கு ஒன்றே. 'ஓத்தெல்' எழுத்தில் 'ஹெச்'சோடு தொடங்கினாலும் ஹெச் ஒலிக்காததால் உயிரொலி விதியே பொருந்தும். சில ஹெச் சொற்கள் மட்டும் மெய் போல நடந்துகொள்ளும். வீரர் என்ற 'எரோ' அப்படி ஒன்று: 'ஸெ எரோ'. பன்மையிலும் சேர்த்துச் சொல்லக் கூடாது. சேர்த்தால் 'லே ஸெரோ' என்றாகிப் பூஜ்யங்களைக் குறித்துவிடும்.

இங்கும் அடுத்த ஒலிதான் முடிவு செய்கிறது. 'ஸெத் ஆர்ப்ர' (இந்த மரம்), 'ஸெ கிராங் ஆர்ப்ர' (இந்தப் பெரிய மரம்).

நமக்கு இந்த, அந்த என்று தனித்தனியாகச் சொல்லிப் பழக்கம். பிரெஞ்சில் 'ஸெ லீவ்ர' இரண்டையும் குறிக்கும், சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் பெயருக்குப் பின்னால் 'ஸி' (இங்கே) அல்லது 'லா' (அங்கே) ஒட்டும். கடையில் இரண்டு சட்டையைக் காட்டும்போது 'ஸெத் ஷெமீஸ் ஸி, ஊ ஸெத் ஷெமீஸ் லா?' (இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா?). எல்லா 'அந்த'வுக்கும் 'லா' ஒட்டினால் பேச்சு கனத்துவிடும்.

நேரச் சொற்களோடு இது நிறைய வரும், அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம். ஸெ மத்தேங் (இன்று காலை), ஸெத் அப்ரே மிதி (இன்று பிற்பகல்), ஸெ ஸுவார் (இன்று மாலை), ஸெத் ஸெமென் (இந்த வாரம்), ஸெத் அனே (இந்த ஆண்டு).

பன்மைச் சுட்டு 'ஸே'வும் 'அவனுடைய' பன்மை 'ஸே'வும் ஒரே ஒலி. சுட்டு 'சி'யில் தொடங்கும், உடைமை எஸ்ஸில் தொடங்கும். எழுதும்போது ஐயம் வந்தால் பன்மையை ஒருமையாக்கிப் பாருங்கள். ஒருமை 'ஸெ' அல்லது 'ஸெத்' என்று வந்தால் சி, 'ஸொங்' அல்லது 'ஸா' என்று வந்தால் எஸ்.

சுட்டும் உடைமையும் சேர்ந்து வராது. 'என்னுடைய இந்தப் புத்தகம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மொங் ஸெ லீவ்ர' என்று வரும், அப்படி ஒரு தொடர் பிரெஞ்சில் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: ஒரே தொடரில் அடுக்குவது

வரிசை மாறாது: சுட்டு அல்லது உடைமை, பிறகு எண், பிறகு முன்னால் வரும் பெயரடை, பெயர்ச்சொல், பின்னால் வரும் பெயரடை. ஒரு சொல்லிலிருந்து வளர்த்துப் பாருங்கள்.

மேஸொங் (வீடு)
ஸெத் மேஸொங் (இந்த வீடு)
ஸெத் வியெய் மேஸொங் (இந்தப் பழைய வீடு)
ஸெத் வியெய் மேஸொங் பிளான்ஷ் (இந்தப் பழைய வெள்ளை வீடு)
ஸே துருவா வியெய் மேஸொங் பிளான்ஷ் (இந்த மூன்று பழைய வெள்ளை வீடுகள்)

கடைசி வரியில் காதுக்குப் பன்மையைச் சொல்வது 'ஸே'யும் 'துருவா'வும் மட்டும்தான். வியெய், மேஸொங், பிளான்ஷ் மூன்றும் முந்தைய வரியில் ஒலித்தது போலவே ஒலிக்கின்றன, ஆனால் எழுதும்போது மூன்றுக்கும் எஸ் சேர்க்க வேண்டும். இப்போது வீட்டை எடுத்துவிட்டு ஆண்பால் சொல் ஒன்றை வையுங்கள், 'ஸாக்' (பை) என்று வைத்துக்கொள்வோம். ஸெ ஸாக், ஸெ வியெ ஸாக், ஸெ வியெ ஸாக் பிளாங். பிறகு ஸெ இருந்த இடத்தில் மொங் வையுங்கள்: மொங் வியெ ஸாக் பிளாங். அப்புறம் நிறத்தை மாற்றுங்கள், பெயரை மாற்றுங்கள், உயிரொலியில் தொடங்கும் சொல் ஒன்றை நடுவில் நுழையுங்கள். வாய்விட்டு, தினமும் பத்து நிமிடம், வீட்டில் கண்ணில் படும் பொருள்களை வைத்தே செய்யலாம். சொல்லி முடித்த பிறகு அதே தொடர்களை ஒரு தாளில் எழுதி, எங்கெல்லாம் ஒலிக்காத ஈயும் எஸ்ஸும் விட்டுப்போயின என்று பாருங்கள்.